இருமினால் கசிகிறதா? இடுப்புத்தள பிசியோதெரபி பற்றி ஓர் எளிய அறிமுகம்

இருமும்போது, தும்மும்போது, வாய்விட்டுச் சிரிக்கும்போது உள்ளாடை லேசாக நனைந்துவிடுகிறது. இதை வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது சொன்னால், "பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். அம்மாவுக்கும் இருந்திருக்கும், பெரியம்மாவுக்கும் இருந்திருக்கும். நிறையப் பேருக்கு இருக்கிறது என்பது உண்மைதான். அதற்காக அதைச் சரிசெய்ய முடியாது என்று ஆகிவிடாது. முழங்கால் வலித்தால் பிசியோதெரபிஸ்டிடம் போகிறோம், தோள்பட்டை இறுகிப்போனால் போகிறோம். அதே துறையில் சிறுநீர்க் கசிவு, கர்ப்பப்பை இறக்கம், உறவின்போது வலி, பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்கள் ஆகியவற்றுக்கென்றே தனிப்பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

தெரிந்தவர்களும் பெரும்பாலும் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து, "கீகல் பயிற்சி செய்தால் போதும்" என்று முடித்துக்கொள்கிறார்கள். இடுப்பின் அடித்தளத் தசையைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சிக்குத்தான் அந்தப் பெயர். எனக்கு அந்த அறிவுரை மேல் கொஞ்சம் கோபம் உண்டு. சிலருக்கு அது பாதி மருந்து. சிலருக்கு அது மருந்தே இல்லை. இன்னும் சிலருக்கு இருக்கும் தொல்லையை அதிகப்படுத்திவிடும். யாருக்கு எது என்று பார்த்துச் சொல்வதுதான் இந்த நிபுணர்களின் வேலை.

அந்தத் தசை எங்கே இருக்கிறது?

இடுப்பெலும்பு ஒரு வளையம். அதற்கு அடிப்பக்கம் எலும்பு கிடையாது. அடியை மூடியிருப்பது தசைதான். அடிவயிற்றின் கீழ் முனையில் கை வைத்தால் முன்பக்கம் ஓர் எலும்பு தட்டுப்படும். பின்னால் வால் எலும்பு இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே தூளி கட்டியதுபோல் பல தசைகள் சேர்ந்து தொங்குகின்றன. அதைத்தான் இடுப்புத்தளம் என்கிறோம். ஆஸ்பத்திரியில் பெல்விக் ஃப்ளோர் என்பார்கள். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன. சிறுநீர்த் துவாரம், பிறப்புறுப்பு, ஆசனவாய் என மூன்று வழிகளும் அதன் ஊடாகத்தான் வெளியே வருகின்றன.

இந்தத் தசைகள் உறுப்புகளைத் தாங்க வேண்டும், வேண்டாத நேரத்தில் வழியை மூடி வைக்க வேண்டும், வேண்டிய நேரத்தில் தளர்ந்து வழிவிட வேண்டும். மூன்றாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலம் கழிப்பதற்கும், உடலுறவுக்கும், குழந்தை வெளியே வருவதற்கும் இந்தத் தசை தளரத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சோடும் இதற்குத் தொடர்பு உண்டு. மூச்சை இழுக்கும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும், இடுப்புத்தளமும் சற்று இறங்கும். மூச்சை விடும்போது இரண்டும் மேலே ஏறும். நாள் முழுக்க இது நமக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே பழுது பல விதமாக வரலாம். தசை பலவீனமாக இருக்கலாம். பலம் இருந்தும் இருமும் நொடியில் சுருங்காமல் தாமதிக்கலாம். பிரசவத்தில் கிழிந்திருக்கலாம். அல்லது எப்போதும் இறுகியே கிடந்து தளரத் தெரியாமல் இருக்கலாம். வெளியே தெரியும் தொல்லை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே காரணம் வேறு வேறு. இறுகிக் கிடக்கும் தசைகூடச் சோர்ந்துபோய்க் கசிவுக்கு இடம் கொடுக்கும். அந்தப் பெண்ணிடம் போய் "இன்னும் இறுக்குங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்?

பிரசவம் மட்டும்தான் காரணமா?

பெரிய காரணம் அதுதான், சந்தேகமில்லை. சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும்போது இந்தத் தசையின் உட்பகுதி எவ்வளவு நீள வேண்டியிருக்கிறது என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2004-இல் கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டார்கள். தன் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் என்று வந்தது. கை கால் தசை எதுவும் அப்படி இழுபட்டால் தாங்காது. இது பெரும்பாலும் தாங்கிக்கொண்டு, மெல்ல மெல்லத் தேறியும் விடுகிறது. தேறாமல் நின்றுபோகும் இடத்தில்தான் உதவி தேவை.

"சிசேரியன்தானே, எனக்கு இதெல்லாம் வராது" என்று நினைப்பவர்களுக்கு நார்வேயில் செய்த ஒரு பெரிய ஆய்வைச் சொல்ல வேண்டும். 2003-இல் வெளியானது, 65 வயதுக்குக் குறைந்த 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றியது. குழந்தை பெறாதவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது. சிசேரியன் மட்டுமே ஆனவர்களில் ஏறத்தாழ 16 சதவீதம், சுகப்பிரசவம் ஆனவர்களில் 21 சதவீதம். சிசேரியன் ஓரளவு காக்கிறது, முழுதாக அல்ல. ஒன்பது மாதம் சுமந்ததே இந்தத் தசைக்குப் பாரம்தான். பிள்ளையே பெறாதவர்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சுவீடனில் டிராம்போலின் என்ற துள்ளல் விளையாட்டில் முன்னணியில் இருந்த இளம்பெண்களிடம் கேட்டபோது 80 சதவீதம் பேர் பயிற்சியின்போது கசிவதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் தாய் அல்ல, வயது 12 முதல் 22 வரைதான்.

இது போக, தீராத இருமல், வருடக்கணக்கில் முக்கி மலம் கழிக்கும் பழக்கம், உடல் எடை, மாதவிடாய் நின்ற பின் வரும் ஹார்மோன் மாற்றம் எல்லாமே பங்கு வகிக்கின்றன. எதிர்ப்பக்கமாக, தசை இறுகிப்போவதற்கும் காரணங்கள் உண்டு. பள்ளியிலும் வேலையிடத்திலும் கழிப்பறை சரியில்லை என்று மணிக்கணக்கில் அடக்கி வைத்தே பழகிய பெண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். பயம், பழைய காயம், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) போன்றவற்றால் வரும் நீண்டகால வலி ஆகியவையும் அந்தத் தசையைத் தளரவிடாமல் பிடித்து வைக்கும்.

கீகல் சொன்னதும் நாம் பிடித்துக்கொண்டதும்

ஆர்னால்ட் கீகல் ஓர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். 1948-இல் இந்தத் தசைக்கான பயிற்சி முறையை வெளியிட்டார். அவர் வெறுமனே "சுருக்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. முதலில் பரிசோதித்து, அந்தப் பெண் சரியான தசையைத்தான் சுருக்குகிறாரா என்று பார்த்தார். பெரினியோமீட்டர் என்றொரு கருவியும் செய்தார். சுருக்கும்போது அதன் முள் நகரும், தன் முன்னேற்றத்தைப் பெண்ணே கண்ணால் பார்க்கலாம். அதாவது முதல் நாளிலிருந்தே இது கண்காணிப்போடு செய்ய வேண்டிய பயிற்சியாகத்தான் இருந்தது. காலப்போக்கில் மருத்துவர், பரிசோதனை, கருவி எல்லாம் கழன்றுபோய் "சுருக்கு" என்ற ஒற்றைச் சொல் மட்டும் ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

அந்த ஒற்றைச் சொல் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று 1991-இல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். 47 பெண்களுக்கு வாய்வார்த்தையாகச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சரியாகச் செய்கிறார்களா என்று அளந்தார்கள். பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் செய்தது கசிவை அதிகப்படுத்தக்கூடிய விதத்தில் இருந்தது. உள்ளே இழுப்பதற்குப் பதிலாக முக்கிக் கீழே தள்ளினார்கள். வீடியோ பார்த்து மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் பலன் இல்லை என்று சொல்பவர்களில் சிலர் இந்தக் கால்வாசியில் இருக்கலாம்.

முதல் தடவை போனால் என்ன நடக்கும்?

முதலில் பேச்சுதான், அதுவே நெடுநேரம் போகும். எப்போது கசிகிறது, எவ்வளவு, எத்தனை பிரசவம், ஆயுதம் போட்டார்களா, தையல் போட்டார்களா, மலச்சிக்கல் உண்டா, காற்று அடக்க முடிகிறதா, உறவில் வலி உண்டா, கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோல் இருக்கிறதா என்று கேட்பார்கள். கேள்விகள் கூச்சமாக இருக்கும். அவர்களுக்கு இது தினசரி வேலை, முகம் சுளிக்கமாட்டார்கள்.

அப்புறம் ஒரு குறிப்பேடு எழுதச் சொல்வார்கள். குறைந்தது மூன்று நாளுக்கு எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குச் சிறுநீர் போனீர்கள், அளவு எவ்வளவு, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுத வேண்டும். அளப்பதற்குப் பழைய பிளாஸ்டிக் அளவுக் குவளை போதும். இது சலிப்பான வேலை. ஆனால் பல நேரம் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். நாளைக்கு எட்டுத் தடவை காப்பி டீ குடிக்கிறார் என்பதும், "எதற்கும் போய்விட்டு வந்துவிடலாம்" என்று மணிக்கொரு தடவை போகிறார் என்பதும் எழுதிப் பார்த்தால்தான் அவருக்கே தெரியும்.

பிறகு உடல் பரிசோதனை. மூச்சு விடும் விதம், வயிற்றுத் தசை, முதுகு, இடுப்பு மூட்டு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அதன்பின், நீங்கள் சம்மதித்தால், கையுறை போட்ட ஒரு விரலால் பிறப்புறுப்பு வழியாகத் தசையைத் தொட்டுப் பார்ப்பார்கள். இதைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இது பிரசவ வார்டில் அவசரத்தில் நடக்கும் பரிசோதனைபோல் இருக்காது. என்ன செய்யப்போகிறோம், ஏன் என்று முதலில் விளக்க வேண்டும். துணைக்கு ஒருவரை அறையில் வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்லலாம். நடுவில் நிறுத்தச் சொன்னால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். திருமணமாகாதவர்கள், உள்பரிசோதனைக்கு விருப்பமில்லாதவர்கள், வலியால் தொடவே முடியாதவர்கள் ஆகியோருக்கு வெளியிலிருந்து பார்த்தும், அடிவயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்தும் தசை அசைவதைக் கவனிக்க வழி இருக்கிறது. விரலால் பார்ப்பது தரும் அளவு விவரம் அதில் கிடைக்காது, ஆனாலும் வேலையைத் தொடங்கலாம். சம்மதம் கேட்காமல் பரிசோதிக்க முற்படுபவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த விரல் என்ன பார்க்கிறது? பலத்துக்கு பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஒரு மதிப்பெண் உண்டு. பூஜ்யம் என்றால் அசைவே இல்லை, ஐந்து என்றால் விரலை இறுகப் பிடித்து மேலே தூக்குகிறது. அடுத்து, எத்தனை விநாடி பிடித்து வைக்க முடிகிறது. அடுத்து, அப்படி எத்தனை தடவை செய்ய முடிகிறது. கடைசியாக, சட் சட்டென்று வேகமாக எத்தனை தடவை சுருக்க முடிகிறது. சுருக்கிய பின் முழுவதும் தளர்கிறதா, எங்காவது தொட்டால் வலிக்கிறதா என்பதும் சேர்த்தி. பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்ட் ஜோ லேகாக் இந்த முறையை வகுத்தார். உலகெங்கும் பலர் இன்று இதையே பின்பற்றுகிறார்கள்.

இந்த எண்கள்தான் உங்கள் மருந்துச் சீட்டு. ஒருவரால் மூன்று விநாடிதான் பிடிக்க முடிகிறது, அதுவும் நான்கு தடவைதான் என்றால் அவருடைய பயிற்சி அங்கேதான் தொடங்கும். அவரைப் பத்து விநாடி பிடிக்கச் சொன்னால் நான்காவது விநாடியிலிருந்து தொடையும் பிட்டமும் வயிறும்தான் வேலை செய்யும். இடுப்புத்தளம் எப்போதோ விட்டுக்கொடுத்திருக்கும்.

சரியாகச் சுருக்குவது எப்படி?

காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் முதலில் ஆசனவாயைச் சுருக்குங்கள். அதை அப்படியே முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து, எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே மேல்நோக்கி இழுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் ஏதோ செய்கிறீர்கள் என்றே தெரியக் கூடாது. பிறகு முழுதாகத் தளரவிடுங்கள். சுருக்கிய நேரம் அளவுக்காவது தளர்ந்திருக்கும் நேரமும் இருக்க வேண்டும்.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். மூத்திரப்பை முழுதாகக் காலியாவதை அது குழப்பும்.

இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, இருமல் தும்மலில் வரும் கசிவுக்கு முதல் சிகிச்சையாகவே இதை வைத்திருக்கிறது. குறைந்தது மூன்று மாதம், நிபுணர் கண்காணிப்பில், நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குக் குறைந்தது எட்டுச் சுருக்கம் என்பது அதன் கணக்கு. தொடங்கும் முன் சுருக்கம் சரியாக வருகிறதா என்று பரிசோதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்று மாதம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பத்து நாள் செய்துவிட்டு விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். எந்தத் தசையும் பத்து நாளில் வளராது.

பலன்? பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கொக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பின்படி, இந்த வகைக் கசிவு இருந்து பயிற்சி செய்த பெண்களில் சுமார் 56 சதவீதம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவீதம். அறுவை சிகிச்சை இல்லாமல், பக்கவிளைவு என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் கிடைக்கும் பலன் இது.

இதோடு ஒரு சின்ன உத்தியையும் சொல்லிக்கொடுப்பார்கள். இருமல் வரப்போகிறது என்று தெரிந்த உடனே, இருமுவதற்கு ஒரு கணம் முன்பாகச் சுருக்கிவிட வேண்டும். கனமான குடத்தைத் தூக்கும்போதும், கட்டிலிலிருந்து எழும்போதும் அப்படியே. 1998-இல் மிச்சிகனில் வயதான பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து ஒரே வாரத்தில் அளந்தபோது, நடுத்தர இருமலில் கசிவு ஏறக்குறைய முழுவதும் நின்றிருந்தது. ஒரு வாரத்தில் தசை வளர்ந்திருக்க முடியாது, நேரம் மட்டும்தான் சரியாகியிருக்கிறது. இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவசரமாக வந்து நிற்காமல் போவது

வேறொரு வகைக் கசிவு இருக்கிறது. வீட்டுக் கதவில் சாவியை நுழைக்கும்போதே முட்டிக்கொண்டு வரும். குழாயைத் திறந்தால் வரும். கழிப்பறை வாசலைத் தாண்டுவதற்குள் நனைந்துவிடும். இங்கே சிக்கல் பெரும்பாலும் மூத்திரப்பைக்கும் மூளைக்கும் நடுவே. பை நிரம்புவதற்குள்ளேயே "இப்போதே" என்று அவசரச் செய்தி போய்விடுகிறது.

இதற்கு மூத்திரப்பையைப் பழக்கும் பயிற்சி. நைஸ் குறைந்தது ஆறு வாரம் செய்யச் சொல்கிறது. குறிப்பேட்டைப் பார்த்து, இப்போது மணிக்கொரு முறை போகிறவர் என்றால் அதை ஒன்றேகால் மணி நேரமாக்கி, அது பழகியதும் ஒன்றரையாக்கி, மெதுவாக நீட்டுவார்கள். நடுவில் அவசரம் வந்தால் ஓடக் கூடாது. நின்றுகொண்டோ உட்கார்ந்தோ, சட் சட்டென்று நான்கைந்து முறை சுருக்கி, மனத்தை வேறு எதிலாவது வைத்து, அலை அடங்கியதும் நிதானமாக நடந்து போக வேண்டும். சுருக்கும்போது மூத்திரப்பைக்கு "பொறு" என்று செய்தி போகிறது. பயந்துபோய்த் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது தவறு. சிறுநீர் அடர்த்தியாகிப் பையை இன்னும் எரிச்சல்படுத்தும், மலச்சிக்கலும் சேரும்.

கர்ப்பப்பை இறக்கம்

கீழே ஏதோ பந்துபோல் இறங்கி நிற்கிறது, மாலையானால் பாரம் கூடுகிறது என்று சொல்பவர்களுக்கு நம் ஊரில் உடனே கிடைக்கும் பதில், "எடுத்துவிடலாம்". எல்லாருக்கும் அது தேவையில்லை. இறங்குவது கர்ப்பப்பையாகவும் இருக்கலாம், மூத்திரப்பையோ மலக்குடலோ பிறப்புறுப்பின் சுவரைத் தள்ளிக்கொண்டு வருவதாகவும் இருக்கலாம். தாங்கும் தளத்தைக் கவனிக்காமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டால், பிறகு பிறப்புறுப்பின் மேல்முனையே இறங்கி வருவதும் உண்டு.

2014-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான பாப்பி என்ற ஆய்வில், பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளைச் சேர்ந்த 447 பெண்கள் பங்கேற்றார்கள். தனித்தனியாகக் கற்றுக்கொடுத்த பயிற்சியைச் செய்தவர்களுக்கு ஓர் ஆண்டு கழித்துத் தொல்லைகள் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. இறங்கியது முழுதாக மேலே போய்விடும் என்று யாரும் உறுதி தரவில்லை, தரவும் கூடாது. பாரமும் இழுப்பும் குறைந்து, அன்றாட வேலை இடைஞ்சல் இல்லாமல் நடந்தால் பலருக்கு அதுவே போதும். சிலருக்கு சிலிகோன் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தித் தாங்கல் கொடுப்பார்கள். வளையத்தோடு பயிற்சியையும் சேர்த்துச் செய்யலாம்.

மலச்சிக்கலைச் சரிசெய்வதும் இந்தச் சிகிச்சையின் பாதி. குந்தி உட்காரும்போது மலக்குடலைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து வழி நேராகிறது. மேற்கத்திய கழிப்பறைதான் இருக்கிறது என்றால் காலுக்கு ஒரு சின்ன முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி முன்னால் சாய்ந்து உட்காரலாம்.

இறுகிப்போன தசை

உறவின்போது தாங்க முடியாத வலி, டாக்டர் பரிசோதனைக்கே இடம் கொடுக்க முடியாத இறுக்கம், காரணம் தெரியாத அடிவயிற்று வலி. இந்தப் பெண்களைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. திருமணமாகி வருடக்கணக்கில் உறவே முடியாமல், "ஒத்துழைக்கமாட்டேன் என்கிறாள்" என்ற பேச்சு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பலருக்கு நடப்பது வஜினிஸ்மஸ். தொடப்போகிறார்கள் என்ற நினைப்பிலேயே தசை தானாக இறுகிக்கொள்கிறது. அது அவர்கள் விருப்பத்தில் நடப்பதல்ல, கண்ணருகே விரல் வந்தால் இமை மூடுவது எப்படி நம் கையில் இல்லையோ அப்படித்தான்.

இவர்களுக்குச் சுருக்கும் பயிற்சி கொடுப்பது தப்பு. தளரக் கற்றுக்கொள்வதே இவர்களுக்குச் சிகிச்சை. வயிறு வரை மூச்சை இழுத்து, இடுப்புத்தளம் இறங்குவதை உணர்வதில் தொடங்குவார்கள். இடுப்பைத் திறக்கும் நீட்டல் பயிற்சிகள் வரும். பின்னர், அவர் தயாரானதும், தன் விரலாலேயோ, சுண்டுவிரல் பருமனில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் டைலேட்டர் என்ற வழுவழுப்பான குச்சிகளாலேயோ, அவசரமில்லாமல் பழகுவார்கள். வேகத்தை அந்தப் பெண்தான் தீர்மானிக்கிறார். கணவனோ மாமியாரோ கேட்கும் தேதிக்கு இது முடியாது. மனநல ஆலோசகரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நேரங்களும் உண்டு.

கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும்

கசிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கசிவே இல்லாத பெண்கள் கர்ப்ப காலத்தில் பயிற்சியைத் தொடங்கினால், கர்ப்பத்தின் பிற்பகுதியில் கசிவு வரும் வாய்ப்பு 62 சதவீதம் குறைவதாக 2020-இன் கொக்ரேன் தொகுப்பு சொல்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் சில மாதங்களுக்கு, அதைவிடக் குறைந்த அளவில், அந்தப் பலன் நீடிக்கிறது.

பிரான்சில் பிரசவமான பெண்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சியை மருத்துவரோ மருத்துவச்சியோ எழுதிக்கொடுக்க, அதன் செலவை அரசின் மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. வழக்கமாகப் பத்து அமர்வுகள். கேட்டால் பொறாமையாக இருக்கிறது. நம் வீடுகளில் பிரசவத்துக்குப் பின் பத்தியச் சாப்பாடு, வெந்நீர்க் குளியல், வயிற்றைச் சேலைத்துணியால் இறுக்கிக் கட்டுவது என்று கவனிப்பு குறைவில்லாமல் நடக்கும். துணி கட்டினால் முதுகுக்கு இதமாக இருக்கும், கொஞ்ச நாள் மெல்லக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அது எந்தத் தசைக்கும் பலம் தராது. அளவுக்கு மீறி இறுக்கினால் வயிற்றின் அழுத்தம், ஏற்கனவே நொந்து கிடக்கும் கீழ்த்தளத்தின் மீதுதான் இறங்கும். பிரசவத்தில் ஆசனவாய்த் தசை வரை கிழிந்து தையல் போட்டிருந்தால், தொல்லை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு முறை நிபுணரிடம் காட்டிவிடுவது நல்லது.

கருவிகள், நாற்காலிகள், அறுவை சிகிச்சை

உட்கார்ந்தாலே தசை வளரும் என்று நாற்காலி, உள்ளே வைக்கும் கூம்பு, செல்போனோடு இணையும் கருவி என விளம்பரங்கள் நிறைய. நார்வேயின் காரி போ, பிசியோதெரபிஸ்ட், இந்தத் துறையில் பெரிய பெயர். அவர் குழு 1999-இல் பயிற்சி, மின்தூண்டல் (லேசான மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைப்பது), கூம்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பயிற்சிதான் முன்னால் நின்றது. தசை அசைவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் கருவியை வழக்கமான பயிற்சியோடு சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்று பிரிட்டனில் 600 பெண்களிடம் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவு, வித்தியாசம் இல்லை என்பது. சுருக்கவே தெரியாத சிலருக்கு மின்தூண்டலோ திரையோ தொடக்கத்தில் கைகொடுக்கலாம். அதை நிபுணர் சொல்லட்டும், விளம்பரம் சொல்ல வேண்டாம்.

பயிற்சியால் எல்லாம் ஆகிவிடும் என்று நானும் விளம்பரம் செய்யக் கூடாது. 2013-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், மிதமான, கடுமையான கசிவு உள்ள 460 பெண்களில் ஒரு பாதிக்கு பிசியோதெரபியும் மறு பாதிக்கு சிறுநீர்த் துவாரத்தின் கீழே நாடா வைக்கும் அறுவை சிகிச்சையும் முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் ஆண்டில், அறுவை சிகிச்சைப் பிரிவில் சுமார் 91 சதவீதம் பேரும் பிசியோதெரபிப் பிரிவில் 64 சதவீதம் பேரும் தேறியதாகச் சொன்னார்கள். பிசியோதெரபியில் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பின்னர் அறுவை சிகிச்சைக்கு மாறினார்கள். மறுபக்கம், அந்த மாதிரி வலைநாடாக்களால் வந்த சிக்கல்கள் காரணமாக இங்கிலாந்தில் 2018-இல் அவற்றின் பயன்பாட்டையே நிறுத்தி வைத்தார்கள். கசிவு கடுமையாக இருந்தால் இரண்டு வழியையும் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க வேண்டியதுதான். லேசான கசிவுக்கு நேராகக் கத்தியை நோக்கிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

யாரிடம் போவது?

இந்தியாவில் பிசியோதெரபி பட்டம் முடித்து, மேற்படிப்பில் மகளிர் நலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களோ, இதற்கென்று தனிப்பயிற்சி பெற்றவர்களோ இருக்கிறார்கள். பெருநகரங்களில் தேடினால் கிடைக்கிறார்கள். சிறிய ஊர்களில் கஷ்டம்தான். மகப்பேறு மருத்துவரிடமோ சிறுநீர்ப்பாதை மருத்துவரிடமோ (யூராலஜிஸ்ட்) கேட்டால் யாரையாவது காட்டுவார்கள். போன் செய்யும்போதே, இடுப்புத்தளத்தைப் பரிசோதித்துப் பயிற்சி கொடுப்பீர்களா, இல்லை பயிற்சித் தாள் மட்டும் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் தங்கள் குடும்ப மருத்துவர் மூலமாகவும், பல இடங்களில் நேரடியாகவும் இந்தச் சேவைக்குப் பதிவு செய்யலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். திடீரென்று சிறுநீரே போக முடியாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது இரண்டும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

மற்றவர்கள் முதல் சந்திப்புக்கு முன்பே மூன்று நாள் குறிப்பேட்டை எழுதி எடுத்துப்போகலாம், ஒரு வாரம் மிச்சமாகும். பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாளாக இருந்தாலும் போகலாம், அன்றைக்கு உள்பரிசோதனை வேண்டாம் என்றால் பேச்சும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் நடக்கும்.